பழைய றேசிங் சைக்கிளும் புதிய பிறேக் பிடியும்

இளவேனில் பிறந்துவிட்டால் பாரிஸ் நகரிலும் அதன் புறநகர்களிலும் ஞாயிறுதோறும் பழஞ்சாமான் சந்தைகள் கூடுகின்றன. பீங்கான் கோப்பைகளுக்கும் பழைய கமராக்களுக்கும் அருகே, சுவரில் சாத்தியபடி றேசிங் சைக்கிளொன்று அநேகமாக நிற்கும். மெல்லிய உருக்குச் சட்டமும், செம்மறிக் கிடாயின் கொம்பெனக் கீழ்நோக்கி வளைந்த ஹாண்டிலும் கொண்ட வண்டி. பெஜோ, மோட்டோபெக்கான், ஜித்தான் என்று பெயர்கள் மாறினும் அவற்றுட் பல 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் பிறந்தவை. புதிய வண்டியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு இவை கிடைத்துவிடும்.

இவ்வண்டிகளை எம்மவர்களும் வாங்குகின்றனர். விளையாட்டுக்காக அன்று, வேலைக்காக. வார நாள்களில் கடைசி மெற்றோ பின்னிரவு ஒன்றே கால் மணியளவில் ஓய்ந்துவிடுகிறது. உணவகத்தின் சமையலறையைக் கழுவித் துடைத்துவிட்டு வெளியே வருபவர் அதனைத் தவறவிட்டால், லா கூர்னேவிலோ பொபிஞியிலோ உள்ள வீட்டுக்குச் செல்ல இரவு பேருந்தை எதிர்பார்த்து நிற்கவேண்டும். கையில் ஒரு சைக்கிள் இருப்பின் முக்கால் மணி நேரத்திற்குள் வீடு போய்ச் சேரலாம்.

வாங்குபவர் எதனைப் பார்க்கின்றார்? நிறத்தைப் பார்க்கின்றார். ரயரை அழுத்திப் பார்க்கின்றார். செயினில் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்கின்றார். உயிரைக் காக்கவேண்டிய பிறேக் பிடியை மட்டும் எவரும் உற்று நோக்குவதில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் பழகிய அப்பிடிகளை எப்போது மாற்றவேண்டும், எதனைக்கொண்டு மாற்றவேண்டும், எவ்வாறு மாற்றவேண்டும் என்பனவற்றைச் சற்று விரிவாக எழுதுவது பயன்தரும் என எண்ணுகின்றோம்.

சமதரையில் பழகிய கை

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை. அங்கே எமக்கு வாய்த்த றலி, ஹம்பர் முதலிய இங்கிலாந்து வண்டிகளிலும், பின்னர் வந்த லுமாலாவிலும் பெரும்பாலும் இருந்தவை கம்பி பிறேக்குகளே. பிடியை அழுத்தினால், உருக்குக் கம்பிகள் பிறேக் கட்டைகளை மேல்நோக்கி இழுத்துச் சில்லின் றிம்மின் உட்புறத்தில் அமர்த்தும். அது கனத்த ஏற்பாடு. ஆயினும் எளிதில் பழுதாகாது. ஒழுங்கையில் மாடு குறுக்கே வந்தால் வேகத்தைத் தணிப்பதற்கு அது போதும். போதாவிடின் காலை ஊன்றிக்கொள்ளலாம்.

பாரிஸ் அத்தகைய ஊரன்று. மொன்மார்த்தர் குன்று கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. பெல்வில், மெனில்மொன்தான் பகுதிகளும் அதற்குச் சற்றே குறைந்த உயரத்தில் உள்ளன. அங்கிருந்து இறங்கும் வீதிகளில் மிதிக்காமலே வண்டி பாய்ந்து செல்லும். முன்னே சிவப்பு விளக்கு, பக்கத்தில் திடீரெனத் திறக்கப்படும் கார்க் கதவு, காலின் கீழ் மழையில் வழுக்கும் கல்பாவிய தளம். இங்கே காலை ஊன்றி வண்டியை நிறுத்த முயல்வது காலை முறித்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

றேசிங் சைக்கிளின் பிறேக், கேபிளால் இயங்குவது. பழைய பிரெஞ்சு வண்டிகள் பலவற்றில் மஃபாக் நிறுவனத்தின் பிறேக்குகளைக் காணலாம். கிளெர்மோன்-ஃபெரான் நகரில் இயங்கிய அந்நிறுவனம் 1980களில் மூடப்பட்டுவிட்டது. அதன் புகழ்பெற்ற பிறேக், நடுவிலிருந்து இழுக்கும் வகையைச் சார்ந்தது. மேலிருந்து இறங்கும் கேபிள் ஒரு குறுக்குக் கம்பியைத் தூக்க, அக்கம்பியின் இரு முனைகளும் பிறேக்கின் இரு கைகளையும் ஒருசேர இழுத்து றிம்மைக் கவ்வச் செய்யும். நல்ல நிலையில் இருந்தால் இன்றைய வண்டிகளோடு ஒப்பிடத்தக்க வலிமை அதற்குண்டு. அநேகமாகக் கோளாறு இருப்பது கீழே கவ்வும் உறுப்பில் அன்று. மேலே கை பற்றும் பிடியிலும், இரண்டையும் இணைக்கும் கேபிளிலுமே.

இரட்டைப் பிடியின் மயக்கம்

1970களில் சைக்கிள் மோகம் பெருகியபோது, வளைந்த ஹாண்டிலில் குனிந்து ஓட்ட விரும்பாதவர்களுக்காக ஓர் உபாயம் பரவியது. வழமையான பிடியோடு இன்னொரு நீண்ட பிடியைப் பொருத்தி, ஹாண்டிலின் மேற்பகுதியைப் பற்றியிருக்கும்போதே அழுத்தும்படி செய்தனர். பார்ப்பவருக்கு ஒரு வண்டியில் நான்கு பிடிகள் இருப்பதுபோலத் தோன்றும். பாதுகாப்புப் பிடி என்றே அதனை விற்றனர்.

பெயருக்கும் செயலுக்கும் உள்ள தூரம் அதிகம். மேற்பிடி தானாகக் கேபிளை இழுப்பதில்லை. மூலப் பிடியைத் தள்ளுகின்றது. தள்ளும் தூரத்தில் ஒரு பகுதி, இணைப்பின் தளர்விலும் மெல்லிய தகட்டின் நெளிவிலும் வீணாகின்றது. அத்துடன் அது ஹாண்டிலுக்கு மிக அருகிலேயே படுத்திருக்கின்றது. கேபிள் சிறிது தளர்ந்தாலோ, பிறேக் கட்டை சிறிது தேய்ந்தாலோ, சில்லு நிற்பதற்கு முன்னரே பிடி ஹாண்டிலில் முட்டி நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை.

சமையலறையொன்றில் வேலை செய்யும் எமது நண்பர் ஒருவர், சென்ற கார்காலத்தில் மழை இரவொன்றில் மெனில்மொன்தான் சரிவில் இதனை அனுபவித்தார். மறுநாள் அவர் எம்மிடம் சொன்னது இதுதான்: “சேர், நான் பிறேக் பிடிச்சனான். பிடி முழுக்க உள்ளுக்கு வந்திட்டுது. வண்டி நிக்கேல்லை.” வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த பாரவூர்தியின் பக்கத்தில் உராய்ந்து விழுந்தார். தோள்மூட்டு விலகியதோடு தப்பினார். ஆறு வாரம் வேலையில்லை. வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணமும் அந்த ஆறு வாரமும் போகவில்லை.

அவருடைய வண்டியைத் திருப்பிப் பார்த்தபோது பிறேக் கட்டைகள் தேய்ந்திருக்கவில்லை. கேபிள் இறுக்கமற்றிருந்தது, மேற்பிடி கைக்கு அசைந்தது. கீழேயுள்ள மூலப் பிடியை அழுத்தியபோது சில்லு உடனே நின்றது. நின்றிருக்கவேண்டிய வண்டி, தவறான பிடியைப் பற்றியதனால் நிற்கவில்லை.

மேற்பிடியை மட்டும் கழற்றிவிட்டால் போதாதா என்று வினவலாம். முற்றாகப் போதாது. அதனைத் தாங்குவதற்காக மூலப் பிடியின் அச்சாணி நீளமாகச் செய்யப்பட்டிருக்கும். மேற்பிடியைக் கழற்றிய பின் அவ்வாணி பக்கவாட்டில் துருத்தி நிற்கும். உள்ளங்கையை வைக்கும் றப்பர் உறையும் அதன்மேல் ஒழுங்காக அமராது. இரு பிடிகளையும் முழுமையாக மாற்றிவிடுவதே உத்தமம்.

எதனை வாங்குவது?

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, ஹாண்டிலின் பருமன். இன்றைய வளைந்த ஹாண்டில்களில் பிடி பூட்டும் இடத்தின் விட்டம் 23.8 மில்லிமீற்றர். பழைய பிரெஞ்சு ஹாண்டில்கள் பலவற்றில் அது 23.5 மில்லிமீற்றர். வேறுபாடு மயிரிழை போன்றதே. ஆயினும் புதிய பிடியின் வளையம் சில வேளைகளில் முழுமையாக இறுகாது சுழலும். அவ்வாறாயின், குளிர்பானத் தகரத்திலிருந்து மெல்லிய கீற்றொன்றை வெட்டி, கூர்விளிம்பைத் தேய்த்து, வளையத்தின் உள்ளே ஒரு சுற்று வைத்து இறுக்கினால் பிடி அசையாது நிற்கும்.

இரண்டாவது, பிடியின் இனம். சிலர் வளைந்த ஹாண்டிலை அகற்றி நேரான ஹாண்டிலைப் பூட்டி, கடையில் முதலில் கண்ட பிடியை வாங்குகின்றனர். நேர் ஹாண்டிலில் பிடி பூட்டும் விட்டம் 22.2 மில்லிமீற்றர், ஆதலால் ஒன்றுக்குரிய பிடி மற்றதற்குப் பொருந்தாது. இதனிலும் பெரிய ஆபத்து வேறொன்று. 1996 இல் ஷிமானோ நிறுவனம் வி-பிறேக் எனப்படும் நீண்ட கைகளுடைய பிறேக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கென ஆக்கப்பட்ட பிடிகள், பழைய பிடிகளைவிட ஏறக்குறைய இருமடங்கு கேபிளை இழுப்பவை. நெம்புகோலின் விதி யாவரும் பாடசாலையில் கற்றதே: தூரத்தில் பெறுவதை வலிமையில் இழப்போம். அப்பிடியைப் பழைய பிறேக்கில் பூட்டினால், கைக்கு அது மிக இறுக்கமாகவும் உறுதியாகவும் தோன்றும்; றிம்மைக் கவ்வும் வலிமையோ ஏறத்தாழப் பாதியாகிவிடும். உறுதிபோலத் தோன்றும் இப்பலவீனம் பலரை ஏமாற்றுகின்றது. கடைக்காரரிடம் பழைய பிறேக் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும்.

மூன்றாவது, கேபிளின் வழி. பழைய பிடிகளில் கேபிள் பிடியின் உச்சியிலிருந்து புறப்பட்டு, ஹாண்டிலுக்கு மேலாக வளைந்து செல்லும். 1980களிலிருந்து பரவிய புதிய வகையில் அது பிடியின் பின்புறமாக வெளியேறி, ஹாண்டிலோடு ஒட்டிச் சுற்றுப்பட்டியின் கீழ் மறைந்து செல்லும். இரண்டும் பழைய பிறேக்குகளை இயக்கவல்லவை. வண்டியின் பழைய தோற்றத்தை விரும்புவோர்க்கு ஜப்பானின் டயா-கொம்பே நிறுவனம் முதல்வகைப் பிடிகளைச் செய்துவருகின்றது. மறைந்து செல்லும் வகை தைவான் தயாரிப்பாக மலிவாகக் கிடைக்கின்றது. உள்ளங்கைக்கும் அது அகன்ற இடம் தருகின்றது.

மேற்பகுதியைப் பற்றி ஓட்டியே தீரவேண்டும் என்போருக்கும் வழியுண்டு. கேபிளின் நடுவே பூட்டப்படும் துணைப்பிடிகள் தற்போது கிடைக்கின்றன. அவை மூலப் பிடியைத் தள்ளாமல் கேபிளின் உறைக்குழாயையே தள்ளி இயக்குவதால், பழைய இரட்டைப் பிடியின் குறை அவற்றிலில்லை. ஆனால் கேபிள் ஹாண்டிலோடு ஒட்டிச் செல்லும் இரண்டாம் வகைப் பிடியோடு மட்டுமே அவை பொருந்தும்.

கழற்றலும் பூட்டலும்

வேண்டிய கருவிகள் சிலவே: ஸ்பானர், திருப்புளி, அலன் சாவி, கேபிளை நேராக வெட்டவல்ல குறடு, அரம், சிறிது கிறீஸ்.

முதலில் கீழே பிறேக்கில் கேபிளைப் பற்றியிருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். கேபிளைப் பிடியின் வழியாக வெளியே எடுங்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் அதன் குமிழ் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கேபிள் பெரும்பாலும் அறுவது இங்கேதான். ஓரிரு இழைகள் பிரிந்திருந்தாலும் அதனை எறிந்துவிடுங்கள். பிடியை மாற்றுபவர் பழைய கேபிளை மீண்டும் பூட்டுவது, சட்டையை மாற்றிக் கிழிந்த பையை அப்படியே வைத்துத் தைப்பது போன்றது.

அடுத்து ஹாண்டிலின் சுற்றுப்பட்டியை உரித்து, முனையிலுள்ள அடைப்பைப் பிடுங்குங்கள். பிடியை முழுதாக அழுத்தினால் உள்ளே, அதனை ஹாண்டிலோடு இறுக்கும் ஆணி தெரியும். சில வண்டிகளில் அது திருப்புளிக்குரியது, சிலவற்றில் நட்டு, புதியனவற்றில் அலன் சாவிக்குரியது. அதனை முற்றாகக் கழற்றாது தளர்த்தினாலே போதும். பின்னர் பிடியை வளைவின் வழியே கீழ்முனை நோக்கி நகர்த்தி எடுத்துவிடலாம். துருப்பிடித்து இறுகியிருப்பின் எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருங்கள். சுத்தியல் வேண்டாம்.

புதிய பிடியை அதே வழியில் ஏற்றுங்கள். எந்த உயரத்தில் நிறுத்துவது? ஹாண்டிலின் கீழ்ப்பகுதி நேராகச் செல்லும் கோட்டோடு பிடியின் நுனி ஒத்திருக்கவேண்டும் என்பது பழைய வழக்கு. நேரான மரச்சட்டமொன்றை ஹாண்டிலின் அடியில் வைத்தால் இதனை எளிதில் அளக்கலாம். இரு பிடிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று முன்னால் நின்று பாருங்கள். இறுக்கிய பின், உள்ளங்கையால் உடற்பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். சிறிதளவேனும் வழுக்கினால் மேலும் இறுக்குங்கள். அல்லது முன்கூறிய தகரக் கீற்றை வையுங்கள்.

கேபிளின் குமிழ் இரு வடிவங்களில் வரும். வளைந்த ஹாண்டிலின் பிடிக்குரியது பேரிக்காய் வடிவம். நேர் ஹாண்டிலுக்குரியது சிறு உருளை வடிவம். ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றதுமாக விற்கப்படும் கேபிளாயின், வேண்டாத முனையை வெட்டிவிடுங்கள். குமிழ் தன் குழியில் முழுமையாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்யுங்கள்.

உறைக்குழாயை வெட்டியதும் அதன் வாய் நசிந்திருக்கும். அரத்தால் தட்டையாக்கி, ஊசியால் துளையை விரித்து, முனைக்கு மூடி போடுங்கள். நீளம் மிக முக்கியம். ஹாண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பும்போது அது இழுபடவும் கூடாது. தேவைக்கு மிஞ்சி வளைந்து தொங்கவும் கூடாது. ஒவ்வொரு கூர்வளைவும் கையின் வலிமையில் ஒரு பங்கை உராய்வாகத் தின்றுவிடும்.

பிறேக் கட்டைகள் றிம்மிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீற்றர் தள்ளி நிற்கும்படி கேபிளை இழுத்து நட்டை இறுக்குங்கள். ஒருவர் கட்டைகளை அமர்த்திப் பிடிக்க, இன்னொருவர் இறுக்குவது சுலபம். கட்டையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட ஒரு மில்லிமீற்றர் முந்தி றிம்மைத் தொடும்படி திருப்பிவைத்தால், மஃபாக் பிறேக்குகளின் பேர்போன கீச்சொலி அடங்கும்.

எந்தக் கைக்கு எந்தச் சில்லு?

எம்மவர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய விடயம் இதுவே. ஊரில் நாம் ஓட்டிய ஆங்கில முறை வண்டிகளில் வலக்கைப் பிடி முன்சில்லுக்கும், இடக்கைப் பிடி பின்சில்லுக்கும் உரியன. பிரித்தானியாவில் விற்பனைக்கு வரும் புதிய வண்டிகளுக்கு இன்றும் அதுவே விதி. பிரான்சில் விற்கப்படும் வண்டிகளில் பொதுவாக இது மாறியிருக்கும்: இடக்கை முன்சில்லு, வலக்கை பின்சில்லு. வீதியின் நடுப்புறமாகத் திரும்பச் சைகை காட்டும் கை எதுவோ, அக்கை முன்பிறேக்கை விட்டு நீங்க, மற்றக் கையில் பின்பிறேக் எஞ்சியிருப்பது நன்று என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இடப்புறம் செல்லும் நாட்டில் அது வலக்கை. வலப்புறம் செல்லும் நாட்டில் இடக்கை.

ஓட்டும் வேளையில் முன்பிறேக்கே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றது. வேகம் தணியும்போது பாரம் முன்சில்லுக்கு மாறுவதால், பின்சில்லு இலேசாகி வழுக்கிவிடும். ஆனால் எல்லா வலிமையையும் திடீரென முன்சில்லில் மட்டும் காட்டினால் தலைகுப்புற விழ நேரும். இருபது ஆண்டுகள் ஒரு முறையில் பழகிய கை, அபாய வேளையில் மூளையைக் கேட்டுச் செயற்படுவதில்லை. மெதுவாகப் பின்சில்லைப் பிடிப்பதாக எண்ணி முன்சில்லை முழுவேகத்தில் பிடித்து விழுந்தவர்கள் உண்டு.

பிடிகளை மாற்றும் நாளே இதனைத் தீர்மானிப்பதற்கு ஏற்ற நாள். கேபிள்கள் புதியவை, எந்தப் பிடியிலிருந்து எந்தச் சில்லுக்கு இழுப்பதென்பது உங்கள் விருப்பம். வண்டி உங்களுக்கு மட்டுமே உரியதாயின், உங்கள் கை அறிந்த முறையில் பூட்டுங்கள். மகனோ மகளோ அதே வண்டியை எடுப்பதாயின், அவர்கள் இந்நாட்டு முறையிலேயே பழகியிருப்பர். அப்போது இந்நாட்டு முறையில் பூட்டி, நீங்கள் சில நாள்கள் ஆளரவமற்ற இடத்தில் பழகிக்கொள்வதே நியாயம். எம்முறையைத் தெரிந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அதனைச் சொல்லிவையுங்கள்.

வீதிக்குச் செல்லுமுன்

பிடியை முழு வலிமையோடு பத்து முறை அழுத்துங்கள். புதிய கேபிளும் குழாயும் தத்தம் இடத்தில் அமர்ந்து சிறிது தளரும், மீண்டும் இறுக்குங்கள். எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்கும் ஹாண்டிலுக்கும் இடையே பெருவிரல் நுழையும் இடம் எஞ்சவேண்டும். முன்பிறேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னோக்கித் தள்ளுங்கள். பின்சில்லு நிலத்தைவிட்டு எழவேண்டும். எழாவிடின் வீதிக்கு எடுக்காதீர்கள். எல்லாம் சரியென்று கண்ட பின்னரே, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுப்பட்டியைச் சுற்றுங்கள்.

றிம்மையும் ஒருமுறை பாருங்கள். மலிவான பழைய வண்டிகள் சிலவற்றில் அது குரோம் பூசிய உருக்கு. கண்ணாடிபோல் மின்னும் அந்த றிம், மழையில் நனைந்தால் எத்தகைய நல்ல பிடியையும் பயனற்றதாக்கிவிடும். காந்தம் ஒட்டினால் அது உருக்கு. அத்தகைய வண்டியில் அலுமினிய றிம் உள்ள சில்லுகளைப் பூட்டும்வரை மழைநாளில் சரிவுகளைத் தவிர்ப்பதே நலம்.

செலவு பற்றிக் கூறின், இரு பிடிகள், கேபிள்கள், சுற்றுப்பட்டி அனைத்தும் சேர்ந்து உணவகத்தில் ஒருநாட் கூலியை எட்டமாட்டா. 2020 மே மாதம், முதலாவது உள்ளிருப்புக் காலம் முடிந்ததும், பழைய வண்டிகளைத் திருத்துவதற்கென பிரெஞ்சு அரசு ஒரு வண்டிக்கு 50 யூரோ வரை வழங்கியது. அத்திட்டம் 2021 மார்ச்சுடன் முடிவடைந்தது. ஆயினும் பாரிசிலும் புறநகர்களிலும் சிறு சந்தாவுக்குக் கருவிகளையும் ஆலோசனையையும் தந்து, எமது வண்டியை நாமே திருத்திக்கொள்ள உதவும் சங்கப் பட்டறைகள் பல இயங்குகின்றன. பிரெஞ்சு மொழி சரளமாக வராதவரும் அங்கு தயங்காது செல்லலாம். பழுதான பிறேக்கைக் காட்டினால் எவருக்கும் விளங்கும்.

சைக்கிளொன்றில் பயனுள்ள இரண்டு பிறேக்குகள் இருக்கவேண்டும் என்று இந்நாட்டு வீதிச் சட்டம் விதிக்கின்றது. அடுத்த சந்தையில் வண்டியொன்றை விலைபேசும்போது, முதலில் ரயரை அழுத்தாமல் இரு பிடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். அவை ஹாண்டிலில் முட்டினாலோ, நான்கு பிடிகள் உங்களைப் பார்த்துச் சிரித்தாலோ, புதிய பிடிகளுக்கான செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அவற்றை மாற்றும்வரை அவ்வண்டியில் இரவு வேலைக்குச் செல்லவேண்டாம்.